இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் ஏன் கூண்டுக்குள் போனார்? கெய்லா ஹாரிசனின் 78 – 70 – 61 கணக்கு

ஒரு துறையில் நீங்கள்தான் நம்பர் ஒன். 26 வயது. அதற்கு மேல் அந்தத் துறையில் வாங்க ஒன்றும் பாக்கி இல்லை. அந்த இடத்தில் வேலையை விட்டுவிட்டு, இன்னொரு துறையில் ஃப்ரெஷராகச் சேர்வீர்களா? அதுவும் முகத்தில் குத்து விழும் ஒரு துறையில்?

அமெரிக்காவின் கெய்லா ஹாரிசன் அதைத்தான் செய்தார். 2012 லண்டன், 2016 ரியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் ஜூடோவில் 78 கிலோ பிரிவில் தங்கம். ஜூடோவில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். 2018-ல் எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புக் கலையில் தொழில்முறை வீராங்கனையாக இறங்கினார். 2025 ஜூன் 7 அன்று, 34 வயதில், யுஎஃப்சி பெண்கள் பேன்டம்வெயிட் சாம்பியன் ஆனார்.

'சாம்பியன் எங்கே போனாலும் சாம்பியன்தான்' என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். ஆனால் எண்களை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை வேறு. ஜூடோவில் கற்றதில் எது கூண்டுக்குள் கூட வந்தது, எது வாசலிலேயே நின்றுவிட்டது, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஏன் போக வேண்டும்?

நேரடியான பதில்: பணம். ஜூடோ உலகம் முழுக்க விளையாடப்படும் விளையாட்டுதான். ஆனால் அமெரிக்காவில் அதற்குப் பெரிய லீக் இல்லை, டிவி ஒப்பந்தம் இல்லை. 2012-லும் 2016-லும் ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்கு அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கொடுத்த ஊக்கத்தொகை 25,000 டாலர். இரண்டு தங்கத்துக்கும் சேர்த்து 50,000.

இன்னொரு எண்ணைப் பாருங்கள். எம்எம்ஏ நிறுவனமான பிஎஃப்எல், ஒவ்வொரு சீசன் சாம்பியனுக்கும் வைத்த பரிசு 10 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 7 கோடி ரூபாய். ஹாரிசன் அதை 2019-ல் ஒரு முறை, 2021-ல் ஒரு முறை என இரண்டு தடவை வாங்கினார். அதாவது ஒரே சீசனின் பரிசு, இரண்டு ஒலிம்பிக் தங்கத்தின் ஊக்கத்தொகையைப் போல 20 மடங்கு.

இந்தப் பாதையை முதலில் போட்டவர் ரோண்டா ரவுசி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கிவிட்டு ஊர் திரும்பியவர், பிழைப்புக்கு பாரில் வேலை பார்த்தார். பிறகு எம்எம்ஏவுக்குப் போய் யுஎஃப்சியின் முதல் பெண் சாம்பியன் ஆனார். ரவுசியும் ஹாரிசனும் மாசசூசெட்ஸில் ஜிம்மி பெட்ரோவின் கூடத்தில் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள். என்ன கிடைக்கும், என்ன போகும் இரண்டையும் பக்கத்திலிருந்தே பார்த்தவர் ஹாரிசன்.

பணம் மட்டும்தானா? அந்தக் கூடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது வயது 16. அதற்கு முன்பிருந்த பயிற்சியாளர் பல ஆண்டுகள் அவரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியிருந்தார். அந்த நபருக்கு நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. 2011-ல், முதல் தங்கத்துக்கு முந்தைய ஆண்டு, ஹாரிசன் தன் பெயரோடு இதை வெளியில் சொன்னார். ஜூடோ அவருக்கு மோசமானதையும் தந்தது, மீண்டு வர ஒரு வழியையும் தந்தது. 2020-ல் தன் சகோதரியின் இரண்டு குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். அதன்பின் அவர் கூண்டுக்குள் போனது தனக்காக மட்டும் அல்ல.

ஜூடோவில் இருந்து என்ன கூட வந்தது?

ஜூடோவில் வெற்றி பெற நான்கு வழி உண்டு. எதிராளியை முதுகு தரையில் படும்படி சுத்தமாகத் தூக்கி எறியலாம், 20 நொடி அசையவிடாமல் அழுத்திப் பிடிக்கலாம், கழுத்தை நெரிக்கலாம், முழங்கை மூட்டைப் பூட்டலாம். இதில் எறிதல், நெரித்தல், பூட்டு மூன்றும் எம்எம்ஏவிலும் செல்லும்.

ஹாரிசனின் ஸ்பெஷல் ஆர்ம்பார். எதிராளியின் ஒரு கையை இரண்டு தொடைக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, இடுப்பை மேலே தூக்கினால், முழங்கை எதிர்த்திசையில் வளையும். 'டேப்' செய்து ஒப்புக்கொள்ளாவிட்டால் மூட்டு போய்விடும். ரியோ இறுதிப் போட்டியில் பிரான்சின் ஆட்ரி செமியோவை, ஆட்டம் முடிய சில நொடிகளே இருக்கும்போது, இந்தப் பூட்டில்தான் மடக்கினார். 2018 ஜூன் 21-ல் நடந்த முதல் எம்எம்ஏ போட்டியிலும் அதே ஆர்ம்பார், முதல் சுற்றிலேயே.

பூட்டை விடப் பெரிய சொத்து ஒன்று உண்டு: பேலன்ஸ். எதிராளியின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதைத் தொட்ட நொடியிலேயே உணர்வது. பல வருடப் பயிற்சியில் உடம்பில் ஊறும் அறிவு அது. யூடியூப் பார்த்துக் கற்க முடியாது.

எது வாசலிலேயே நின்றுவிட்டது?

முதலாவது, சட்டை. ஜூடோவில் தடித்த பருத்தி அங்கி. காலரையும் கையையும் பிடித்துத்தான் பெரும்பாலான எறிதல்கள் நடக்கும். எம்எம்ஏவில் பிடிக்க எதுவும் இல்லை. வியர்வையில் வழுக்கும் தோல்தான். அக்குளுக்குக் கீழே கையை நுழைப்பது, இடுப்பைச் சுற்றிக் கட்டுவது, மணிக்கட்டைப் பிடிப்பது என்று பிடிகளை மாற்றிக் கற்க வேண்டும்.

இரண்டாவது, தூரம். ஜூடோவில் இருவரும் கை எட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள். எம்எம்ஏவில் அந்த இடத்துக்குப் போவதற்குள் குத்தும் உதையும் வரும். எறியத் தெரிந்தால் போதாது, அடிபடாமல் பக்கத்தில் போகவும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, தரை. ஜூடோவில் மாட்டிக்கொண்டால் குப்புறப் படுத்து உடம்பைச் சுருட்டிக்கொள்ளலாம். சில நொடிகளில் முன்னேற்றம் இல்லையென்றால் நடுவர் நிறுத்தி எழுப்பிவிடுவார். எம்எம்ஏவில் முதுகைக் கொடுப்பது தற்கொலைக்குச் சமம். எதிராளி மேலே ஏறி அடிப்பார், கழுத்தை நெரிப்பார், நடுவர் எழுப்ப மாட்டார். பல வருடம் பழகிய பாதுகாப்பு அனிச்சையே இங்கே ஆபத்து.

நான்காவது, நேரம். இப்போதைய ஜூடோ போட்டி 4 நிமிடம். எம்எம்ஏவில் 5 நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டப் போட்டி என்றால் ஐந்து, அதாவது 25 நிமிடம்.

இதனால்தான் ஒலிம்பிக் தங்கம் எம்எம்ஏவில் கேரண்டி கார்டு இல்லை. ஜப்பானின் சதோஷி இஷி 2008-ல் ஹெவிவெயிட் ஜூடோ தங்கம் வென்றவர். 2009 கடைசி நாளில் நடந்த முதல் எம்எம்ஏ போட்டியிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்த ஹிதேஹிகோ யோஷிதாவும் 1992 பார்சிலோனா ஜூடோ தங்கக்காரர். ஆனால் 2002 முதல் அந்தத் துறையில் இருந்தவர். இருவர் கையிலும் தங்கம் இருந்தது. வித்தியாசம், புதிய துறையில் இருந்த அனுபவம்.

ரவுசி கதை என்ன சொல்கிறது?

ரவுசி 12 போட்டிகளைத் தொடர்ந்து வென்றார். முதல் 8 வெற்றியும் ஆர்ம்பாரில். எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆயுதம், ஆனால் யாராலும் தடுக்க முடியவில்லை. 2015 நவம்பரில் முன்னாள் குத்துச்சண்டை உலக சாம்பியன் ஹாலி ஹோம் தூரத்தைக் காத்து நின்று அடித்தார். இரண்டாவது சுற்றில் தலையில் ஒரு உதை, ஆட்டம் முடிந்தது. 2016 டிசம்பரில் அமாண்டா நூன்ஸிடம் 48 நொடியில் தோல்வி. அத்தோடு யுஎஃப்சி வாழ்க்கை முடிந்தது.

மேலே சொன்ன 'தூரம்' பிரச்சினைதான் இது. பழைய துறையின் திறமை ஒருவரை மேலே கொண்டுபோகும். ஆனால் புதிய துறை உங்களைப் படித்து முடித்த நாளில், நீங்கள் புதிதாக என்ன கற்றிருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும்.

ஹாரிசன் என்ன வித்தியாசமாகச் செய்தார்?

அவசரப்படவில்லை. 2016 அக்டோபரில் எம்எம்ஏ நிறுவனத்தில் சேர்ந்தபோது, வர்ணனையாளர், தூதர் என்ற வேலைகளில்தான் ஆரம்பித்தார். ரியோ தங்கத்துக்கும் முதல் போட்டிக்கும் இடைவெளி சுமார் 22 மாதம். பிறகு ஃபுளோரிடாவில் அமெரிக்கன் டாப் டீம் கூடத்தில் பயிற்சி. பிஎஃப்எல்லில் ஆரம்பத்தில் வந்த எதிராளிகள் சுமாரானவர்கள் என்ற விமர்சனம் இருந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள அந்தப் போட்டிகள்தான் இடம் கொடுத்தன.

15 போட்டி, 15 வெற்றி. 2022 நவம்பரில் பிரேசிலின் லாரிசா பச்சேகோவிடம் முதல் தோல்வி. இந்தத் தோல்வி முக்கியம். ஏனென்றால் 2019-ல் இதே பச்சேகோவை ஹாரிசன் இரண்டு முறை வென்றிருந்தார். மூன்று வருடத்தில் பச்சேகோ தன் குத்துகளைக் கூர்தீட்டி, பல எதிராளிகளை முதல் சுற்றிலேயே சாய்த்துவிட்டு வந்தார். ரவுசிக்கு வந்த அதே கேள்வி ஹாரிசனுக்கும் வந்தது. ரவுசி அதன்பின் யுஎஃப்சியில் ஒரே ஒரு போட்டியோடு நின்றுவிட்டார். ஹாரிசன் திரும்பி வந்தார், அதுவும் இன்னும் கஷ்டமான இடத்துக்கு.

அந்த 78 – 70 – 61 என்ன?

ஜூடோவில் ஹாரிசனின் பிரிவு 78 கிலோ. பிஎஃப்எல்லில் 155 பவுண்டு, அதாவது 70.3 கிலோ. யுஎஃப்சியில் பெண்களுக்கு 155 பவுண்டு பிரிவே இல்லை. அங்கே பட்டம் வேண்டுமென்றால் 135 பவுண்டு, 61.2 கிலோ. ஜூடோ பிரிவோடு ஒப்பிட்டால் 16.8 கிலோ குறைவு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

இதை டயட்டில் மட்டும் இறக்க முடியாது. கடைசிச் சில நாட்களில் உப்பையும் தண்ணீரையும் குறைத்து, சூடான குளியலிலும் சானாவிலும் உட்கார்ந்து உடம்பின் நீரை வெளியேற்றுவார்கள். எடை பார்த்த பிறகு, போட்டிக்கு முன் கிடைக்கும் ஒரு நாள் சொச்சத்தில் மறுபடி ஏற்றுவார்கள். இது உயிருக்கே ஆபத்தான விளையாட்டு. 2015-ல் யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் இப்படி எடை குறைக்கும்போது இறந்தார். கிராம் கணக்கு என்ன செய்யும் என்பது நமக்கும் தெரியும்: 2024 பாரிஸில் வினேஷ் போகத் 100 கிராமில் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை இழந்தார்.

ஹாரிசனால் முடியாது என்றே பலர் நினைத்தார்கள். 2024 ஏப்ரல் 13, யுஎஃப்சி 300: எடையும் சரியாக வந்தது, இரண்டாவது சுற்றில் வெற்றியும் வந்தது. எதிராளி, ரவுசியை வீழ்த்திய அதே ஹாலி ஹோம். ஹோமுக்கு அப்போது 42 வயது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்து கெட்லன் வியெய்ரா. அதன்பின் பட்டப் போட்டி.

இந்தியாவுக்கு இதில் என்ன?

நம் ஊரில் இதற்கு நெருக்கமான உதாரணம் ரிது போகத். மல்யுத்தத்திலிருந்து 2019-ல் எம்எம்ஏவுக்குப் போனவர். ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப்பில் 2021 கிராண்ட் பிரி இறுதிப் போட்டி வரை வந்தார். அங்கே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் தோற்றார். எப்படி? ஆர்ம்பாரில். மல்யுத்தம் எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோகக் கற்றுக்கொடுக்கும். தரையில் வரும் கைப்பூட்டை அதில் கற்க முடியாது. ஸ்டாம்ப் அடிப்படையில் உதை, குத்துக்காரர். அவர் தன் துறையில் இல்லாததைப் போய்க் கற்று வந்திருந்தார்.

அதாவது, துறை மாறுபவர் பழைய துறையில் எவ்வளவு பெரியவர் என்பது பாதிக் கேள்விதான். பழைய துறை தனக்கு என்ன கற்றுக்கொடுக்கவில்லை என்ற பட்டியலை எவ்வளவு நேர்மையாகப் போடுகிறார் என்பது மீதிப் பாதி.

கடைசியாக, அந்தப் பூட்டு

2025 ஜூன் 7, நியூவார்க். சாம்பியன் ஜூலியானா பெண்யாவுடன் போட்டி. இரண்டாவது சுற்று முடிய 5 நொடி இருக்கும்போது, ஹாரிசன் பெண்யாவின் கையை முதுகுப் பக்கம் திருகினார். பெண்யா டேப் செய்தார்.

அந்தப் பூட்டுக்குப் பெயர் கிமுரா. 1951-ல் ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் மசாஹிகோ கிமுரா என்ற ஜூடோ வீரர், பிரேசிலின் ஹீலியோ கிரேசியை இதே பூட்டில் மடக்கினார். கிரேசி டேப் செய்ய மறுத்தார், கை உடைந்தது. தோற்ற பிரேசில்காரர்கள் அந்தப் பூட்டுக்கு வென்றவரின் பெயரையே வைத்தார்கள்.

அதே ரியோவில் 2016-ல் ஜூடோவை முடித்துக்கொண்ட ஹாரிசன், 16.8 கிலோவும் ஒன்பது வருடமும் தாண்டி, ஒரு ஜூடோகாரர் பெயருள்ள பூட்டில்தான் பட்டம் வாங்கினார். சட்டையைக் கழற்றிய பிறகும் ஜூடோவில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்டால், அதற்கான பதில் அந்த 5 நொடியில் இருக்கிறது.