வாலைப் பிடித்தால் விமானம் வரும்

பைப்பர் கப் என்று ஒரு குட்டி விமானம் உண்டு. மஞ்சள் நிறம், பக்கவாட்டில் ஒரு கறுப்பு மின்னல் கோடு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாக் ஹேவன் என்ற ஊரில் 1947 வரை இதை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பத்தே முக்கால் மீட்டர். ஆளும் பெட்ரோலும் இல்லாதபோது எடை ஏறக்குறைய 350 கிலோ. ஆனால் இதைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர இழுவை வண்டி எதுவும் தேவையில்லை. விஷயம் தெரிந்த ஓர் ஆள் போதும்.

தூக்குவது வேறு, உருட்டுவது வேறு. காற்று நன்றாக அடைத்த சக்கரத்தைச் சிமெண்டுத் தரையில் உருட்ட, எடையில் நூற்றில் இரண்டு பங்கு விசை இருந்தால் போதும். 350 கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள்: ஏழு கிலோ! புல்தரை என்றால் பல மடங்கு கூடுதலாகத் தள்ள வேண்டும். இருந்தாலும் முடியாத காரியம் இல்லை.

சரி, எங்கே கைவைத்துத் தள்ளுவது? இந்த விமானத்தின் மேல்தோல் தகரம் அல்ல, துணி. இழுத்துக் கட்டி மேலே பூச்சு பூசியிருப்பார்கள். கண்ட இடத்தில் அழுத்தினால் துணி கிழியலாம், உள்ளே இருக்கும் மெல்லிய சட்டம் வளையலாம். அதனால் இறக்கையைத் தாங்கும் இரும்புக் கம்பங்களைப் பிடித்துத் தள்ளுவார்கள். அதிலும் கம்பத்தின் நடுவில் அல்ல, அது உடலோடும் இறக்கையோடும் சேரும் முனைகளுக்குப் பக்கத்தில். அசையும் பாகங்கள் எதையும் தொடக்கூடாது.

இனி வாலுக்கு வருவோம். முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வால் நுனியில் ஒரு சின்னஞ்சிறு சக்கரம். எடையில் பெரும்பகுதியை முன்சக்கரங்களே சுமக்கின்றன. ஈர்ப்பு மையம் அவற்றுக்கு 30 செ.மீ. பின்னாலும், வால் சக்கரம் நாலரை மீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம் 15 மடங்கு என்பதால் வாலில் விழும் எடை 350-இல் 15-இல் ஒரு பங்குதான், சுமார் 23 கிலோ. நெம்புகோல் விதி செய்யும் உபகாரம் இது! வாலடியில் உடம்பின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கி, பக்கவாட்டில் நடந்தால் விமானம் முழுவதும் திரும்பிவிடும். சில விமானங்களில் இதற்கென்றே கைப்பிடி வைத்திருக்கிறார்கள்.

தூக்கத் தூக்க வால் இன்னும் லேசாகிக்கொண்டே போகும், கவனித்தீர்களா? ஈர்ப்பு மையம் சக்கரங்களைவிட உயரத்தில் இருக்கிறது. வால் மேலே போகும்போது அந்த மையம் முன்பக்கம் சாய்ந்து, சக்கர அச்சுக்கு நேர் மேலே வரப் பார்க்கும். அச்சைத் தாண்டிவிட்டால் உங்கள் கையில் எடையே இருக்காது. மூக்கு தரையில் குத்தி, மரப் புரொப்பெல்லர் உடையும். ஆகவே இடுப்பளவு உயர்ந்தாலே போதும் என்று நிறுத்திக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

பின்னோக்கித் தள்ளும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். உருளும் நாற்காலியின் அடிச்சக்கரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது சுற்றி, தன் தண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். வால் சக்கரமும் அந்த ஜாதிதான். முன்னோக்கிப் போகும்போது சமர்த்தாகப் பின்தொடரும். பின்னோக்கித் தள்ளினால் திரும்பிக்கொள்ளத் துடிக்கும், விமானத்தின் வாலையும் ஒருபக்கமாக இழுக்கும். போதாததற்கு அது சுக்கானோடு ஸ்பிரிங்குகளால் இணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் முறுக்கினால் சுக்கானும் சேர்ந்து முறுக்கும். வாலைச் சற்றே தூக்கிப் பிடித்து நடந்தால் இந்தத் தொல்லை கிடையாது. இறக்கை நுனி எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்க்க இன்னொருவர் கூட வருவது நல்லது, ஏனென்றால் வாலில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டு நுனிகளும் ஒரே நேரத்தில் தெரியாது.

பிடித்து இழுக்க மிக வசதியாகத் தெரிவது புரொப்பெல்லர். ஆனால் அதுதான் ஆபத்து. இந்த எஞ்சினில் தீப்பொறி தருவது பேட்டரி அல்ல, மேக்னெட்டோ. சுற்றினால் தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி அது. சுவிட்சை அணைத்தால் அந்த மின்சாரம் ஒரு கம்பி வழியாக விமானத்தின் உலோகச் சட்டத்துக்குப் போய்விடும், பொறி பறக்காது. அந்தக் கம்பி அறுந்திருந்தால்? சுவிட்ச் அணைந்தே இருந்தாலும், புரொப்பெல்லரைக் கொஞ்சம் திருப்பியதும் எஞ்சின் உயிர்பெறலாம். அதனால் விமானக்காரர்கள் நிற்கும் புரொப்பெல்லரையும் சுற்றும் புரொப்பெல்லராகவே நினைத்து விலகி நடப்பார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

காற்று அடிக்கும் நாளில் கதையே மாறும். நெட்டுக்குத்தான வால்தகடு சக்கரங்களுக்கு வெகு பின்னால் இருக்கிறது. பக்கக் காற்று அதைத் தள்ளியதும் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும். அதோடு, வால் தாழ்ந்து நிற்பதால் இறக்கை எப்போதும் மேல்நோக்கிச் சாய்ந்தே இருக்கிறது. பைப்பர் கப் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே பறக்கக்கூடியது. அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், நிற்கும் விமானத்தின் இறக்கைக்குப் பறப்பதற்கும் நிற்பதற்கும் வித்தியாசம் தெரியாது! ஆகவே மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, இரண்டு இறக்கைகளையும் வாலையும் தரையிலுள்ள வளையங்களோடு கயிற்றால் கட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஓட்டும் கட்டையையும் இருக்கைப் பட்டையால் இறுக்கிவிடுவார்கள், வால் மடிப்புகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க.