திரையில் ஒரு கார்ப் பந்தயம்

தொலைக்காட்சித் திரையில் கார்ப் பந்தயம் விளையாடப் புகுந்தவர் பெரும்பாலும் முதல் வளைவிலேயே புல்தரைக்குப் போய்விடுகிறார். கருவி சரியில்லை என்று பழி போடுவதும் உண்டு!

1997-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். உண்மைக் காரின் இயல்பைப் பின்பற்றியே இதை அமைத்திருக்கிறார்கள். டயர் தரையைப் பற்றும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் போடுவதும் திரும்புவதும் அந்த ஒரே சக்தியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பிரேக்கை முழுவதும் அழுத்தியபடி திருப்பினால், திரும்புவதற்குப் பிடிப்பு மிஞ்சுவதில்லை. கார் நேராகவே வழுக்கிச் செல்லும். ஆகவே, வளைவு வருமுன், நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிறகு வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு வாருங்கள். வேகப் பொத்தானை முழுவதும் அழுத்துவது கார் நிமிர்ந்த பின்னர்தான்.

தொடக்கத்தில் வேகம் குறைந்த காரே போதும். இவ்விளையாட்டில் ஓட்டுநர் உரிமத் தேர்வுகளும் உண்டு. சலிப்புத் தட்டினாலும் அவற்றை ஒதுக்காதீர்கள். பிரேக் போடும் இடத்தை அங்கேதான் கற்க முடியும். ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்டோனியெஸ் 2008-இல் இவ்விளையாட்டின் பிந்தைய பதிப்பை வைத்து நடந்த போட்டியில் வென்று, உண்மைப் பந்தயக் காரில் ஏறினார். 2011-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், அவருடைய குழு தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது.