அம்மாவின் சேலையில் அறுகோணப் போர்வை: வெட்டும் முன் அச்சைக் கவனியுங்கள்

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில் இன்னமும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே அம்மாவின் நூல் சேலைகள், அப்பாவின் கைலி. உடுத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. அவற்றை அறுகோணத் துண்டுகளாக வெட்டிக் கையாலேயே தைத்துப் போர்வையாக்கலாம். தையல் இயந்திரம் வேண்டாம். ஊசி, நூல், கத்திரிக்கோல், தாள் போதும். ஆனால் துணியைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். எந்த அச்சை வைத்து வெட்டப் போகிறீர்கள்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அம்மா பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டியவர். அவர் விட்டுச் சென்றவை ஆறு நூல் சேலைகள். முதல் சேலையை எடுத்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் ஓர் அறுகோணம் வரைந்து வெட்டினேன். அதை வைத்து அடுத்ததை வரைந்தேன். அடுத்ததை வைத்து அதற்கடுத்தது. சேலை முழுவதும் துண்டாகிவிட்டது. தைக்க உட்கார்ந்தபோது பூவின் ஆறாவது இதழ் சேரவே இல்லை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் கிண்ணம் போல் உப்பியது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா பார்த்துவிட்டு, "ஒண்ணப் பாத்து ஒண்ணு வரைஞ்சா அப்படித்தான் ஆகும் தங்கச்சி" என்றார். வெட்டிய சேலை திரும்பி வருமா?

கணக்கு எளியது. பென்சில் கோடு அச்சுக்கு வெளியேதான் விழும். ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலும், அறுகோணத்தின் குறுக்களவு ஒவ்வொரு முறையும் 1 மில்லிமீட்டர் கூடும். பத்தாவது துண்டு முதல் துண்டைவிட ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் பெரிது. அறுகோணத்தின் ஒவ்வொரு முனையும் 120 பாகை. மூன்று முனைகள் கூடினால் 360, இடைவெளியே இருக்காது. எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஆகவே முதலில் ஒரே ஒரு தாய் அச்சு செய்யுங்கள். எல்லாவற்றையும் அதை வைத்தே வரையுங்கள். பள்ளிப் பிள்ளையின் கணிதப் பெட்டியில் உள்ள காம்பஸ் போதும். 4 சென்டிமீட்டர் திறந்து வட்டம் போட்டு, அளவை மாற்றாமல் அதே காம்பஸை வட்டத்தின் மேல் ஆறு முறை அடியெடுத்து வைத்தால் ஆறு புள்ளிகள் விழும். அவற்றை நேர்கோட்டால் சேர்த்தால் பக்கம் சரியாக 4 சென்டிமீட்டர் உள்ள அறுகோணம். கோலம் போடுகிறவர்களுக்கு இது கைவந்த கலைதான். தாய் அச்சுக்கு அட்டை ஆகாது, ஓரம் தேய்ந்துவிடும். பழைய எக்ஸ்ரே படமோ கெட்டியான பிளாஸ்டிக் கோப்பு உறையோ நல்லது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்றால் சேலையில் உள்ள பூ அச்சின் நடுவில் வருகிறதா என்று பார்த்தும் வெட்டலாம். கணினியில் இருந்து அச்சிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்துக்கு அடங்கும்படி பிரிண்டர் தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். 100 விழுக்காடு என்று வைத்து, முதல் தாளை அடிக்கோலால் அளந்து பாருங்கள்.

இனி துணிக்குள் வைக்கும் தாள். துணியின் ஓரத்தை இந்தத் தாளின் மேல் மடித்துத் தற்காலிகமாக நூலோட்டி, பிறகு இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்துப் பொடியாகத் தைப்பதுதான் முறை. சாதாரண 80 கிராம் நகல் தாள் கொஞ்சம் மெலிது, மடிக்கும்போது முனை வளையும். நாளிதழ் தாள் வேண்டவே வேண்டாம், மை துணியில் ஏறும். கல்யாணப் பத்திரிகை எல்லார் வீட்டிலும் குவிந்து கிடக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது மிகவும் தடிப்பு. தைத்துக்கொண்டே போகும்போது பக்கத்துத் துண்டை மடக்க வேண்டியிருக்கும், அது மடங்காது. (சாமி படம் போட்ட பக்கத்தில் கத்திரிக்கோல் வைக்கவும் நமக்கு மனம் வராது.) என் கைக்குச் சரியாக வந்தது மளிகைக் கடையில் தரும் மாதக் காலண்டரின் வழவழப்பான தாள். முனை நிற்கிறது, மடக்கினால் மடங்குகிறது. வெள்ளையான பின்பக்கத்தில் வரையலாம்.

ஆறு பக்கமும் தைத்து முடிந்த துண்டில் இருந்து தாளை எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஆகவே முழுப் போர்வைக்கும் தாள் வெட்ட வேண்டியதில்லை. நூறு, நூற்றைம்பது போதும்.

அளவைப் பொறுத்தவரை ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். அறுகோணத்தை அதன் ஒரு பக்கத்தின் நீளத்தால்தான் சொல்வார்கள். 150-க்கு 200 சென்டிமீட்டர் போர்வைக்கு, பக்கம் 2.5 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1,850 துண்டுகள் வேண்டும். 4 சென்டிமீட்டர் என்றால் சுமார் 720. 5 என்றால் சுமார் 460. ஒரு துண்டுக்கு மூன்று இணைப்பு என்று பெருக்கிப் பாருங்கள். சிறிய துண்டு அழகுதான், ஆனால் கண்ணாடி போட்ட கண்ணுக்கு 5,500 இணைப்பு விளையாட்டல்ல. முதல் போர்வைக்கு 4 சென்டிமீட்டர் என்பது என் கருத்து.

துணி வெட்ட இன்னொரு பெரிய அச்சு வேண்டும். சுற்றிலும் 6 மில்லிமீட்டர் மடிப்பு விட்டால், துணி அச்சின் பக்கம் சுமார் 7 மில்லிமீட்டர் கூடும். அதாவது 4 சென்டிமீட்டர் தாளுக்கு 4.7 சென்டிமீட்டர் துணி அச்சு. இதில் சற்று முன்பின் ஆனாலும் பாதகமில்லை, அளவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் தாள்தான். நூல் சேலை, பருத்திக் கைலி, பாத்தேக் பருத்தி எல்லாம் தாளின் மேல் நன்றாகப் படியும். நைலக்ஸ், பாலியெஸ்டர் வழுக்கும், மடிப்பு நிற்காது.

இந்த வேலைக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு, ஐரோப்பியப் பெண்களும் பிள்ளைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே எலிசபெத் என்னிஸ் என்பவர் பெண் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். 8 முதல் 16 வயது வரையிலான சுமார் 20 சிறுமிகள், கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணங்களாக்கி, பழைய உடைகளில் இருந்து உருவிய நூலால் பூப்பூவாகத் தைத்து அவருக்குப் பரிசாகத் தந்தார்கள். பூக்களின் நடுவே தங்கள் பெயரையும் தைத்தார்கள். அது இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களில் கோணிச் சாக்கை உடுத்திய கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு, ஒரு துண்டுத் துணியின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சேலையை நேராக வெட்டாமல், கிழிந்த கைலியில் முதலில் ஒரு பூ தைத்துப் பாருங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, ஆக மொத்தம் 19 துண்டுகள். மேசையில் வைத்தால் அது தட்டையாகப் படிய வேண்டும். படிந்தால் உங்கள் அச்சு சரி, சேலையை எடுக்கலாம். உப்பினால் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.

என் இரண்டாவது முயற்சியில் ஐந்து சேலைகள்தான் இருந்தன. முதல் சேலையில் கோணலாகிப் போன துண்டுகளையும் எறியவில்லை. அவற்றில் பெரியவற்றை அதே தாய் அச்சை வைத்துச் சிறிதாக்கினேன். நாற்பத்தொரு துண்டுகள் தேறின. போர்வையின் நடுவில் இருப்பவை அவைதான்.