அரை மாத்திரை ஆபத்து

பூனைக்கு உடம்பு சரியில்லை. டாக்டரைப் பார்க்கப் பொழுது விடியவேண்டும். அந்த ஓர் இரவில் வீட்டில் என்ன செய்யலாம்? அதைவிட முக்கியம், எதைச் செய்யவே கூடாது?

ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணி. காலையிலிருந்து கட்டிலுக்கடியில் பதுங்கிய பூனை வெளியே வர மறுக்கிறது. மத்தியானம் வைத்த மீன் தட்டிலேயே காய்ந்து கிடக்கிறது. தூக்கிப் பார்த்தால் உடம்பு சுடுகிறது. தெருமுனை கிளினிக் மூடியாகிவிட்டது. டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டு அலமாரியில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது. நமக்கு ஒன்று என்றால் பூனைக்கு அரை கொடுத்தால் என்ன?

மும்பையானாலும் கொல்கத்தாவானாலும் பூனை வளர்க்கும் வீடுகளில் ஏதாவது ஓர் இரவில் எழும் கேள்விதான். பதில் கொடூரமானது: அந்த அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம்.

காரணம் பூனையின் ஈரலில் இருக்கிறது. மனித உடம்பு பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் முக்கியமான என்சைம், பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. வெளியேறாத மருந்து நஞ்சாக மாறி ரத்தத்தைத் தாக்குகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறுகள் பழுப்பாகின்றன. முகமும் பாதங்களும் வீங்குகின்றன. மூச்சு திணறுகிறது. பூனைக்கு இந்த மருந்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே எமன். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூட ஆபத்தானவைதான்.

தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்கக் கூடாது. மாற்று மருந்து உண்டு. ஆனால் அது முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாகப் பலனளிக்கும். மாத்திரை அட்டையையும் கொடுத்த நேரத்தையும் மருத்துவரிடம் சொல்வதுதான் உயிரைக் காக்கும்.

சுடுவதெல்லாம் காய்ச்சல் அல்ல

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல பூனைகளுக்கு அன்று காய்ச்சலே இருந்திருக்காது. நம்முடைய உடல் சூடு 98.6 டிகிரி. ஆரோக்கியமான பூனைக்கோ 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு எந்தப் பூனையும் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருக்கிறதா, காது சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நம்பத்தகுந்த சோதனையல்ல.

நம்பத்தகுந்தவை வேறு. பூனை வேட்டையாடும் பிராணி. பெரிய மிருகங்களுக்கு இரையாகும் பிராணியும் கூட. அதனால் வலியை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. அழுது ஆர்ப்பாட்டம் செய்யாது. ஒளிந்துகொள்ளும், குனிந்து உட்கார்ந்தே இருக்கும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும். வீட்டிலிருப்பவர் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்.

கைவைத்தியமும் விஷமும்

மாத்திரைக்கு அடுத்தபடி கைவைத்தியம் வருகிறது. சளி என்றால் நெஞ்சில் தைலம் தடவுவது வீட்டு வழக்கம். பூனை அதை நக்கி விழுங்கும். தைலத்திலுள்ள கற்பூரம் அதற்கு விஷம். புண்ணைப் பினாயில் கலந்த நீரில் கழுவுவதும் அப்படியே. அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, அது போதும்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி என்று நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடுவது இன்னொரு விபரீதம். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைக்கும், உயிரையும் வாங்கும். தெம்புக்கு என்று பால் ஊற்றுவதும் உதவாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. இருக்கும் வயிற்றுப்போக்கு அதிகமாகும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. ஆகவே நாம் சாப்பிடும் குழம்புச் சோறு வேண்டாம்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கத் தோன்றும். தையல் நூலோ பூக்கட்டும் நாரோ பட்டத்தின் மாஞ்சாவோ, மறுமுனை குடலில் சிக்கியிருக்கலாம். இழுத்தால் குடலை அறுக்கும். அப்படியே விட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

விடியும்வரை

அப்படியானால் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா? இல்லை. இரவு முழுக்க வேலை இருக்கிறது.

முதல் வேலை, சத்தமில்லாத, இருட்டான, கதகதப்பான ஓர் இடம். மற்றப் பூனைகளும் குழந்தைகளும் அங்கே வரவேண்டாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். சூடு அதிகமானால் பூனை நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் ஆகாரம்.

மூக்கடைத்த பூனை சாப்பிடாமலிருப்பதற்குப் பாதிக் காரணம், வாசனை தெரியாததுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைக்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து ஆவி நிறைந்த குளியலறையில் அதோடு 10 நிமிடம் உட்காரலாம். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, எலும்போ முள்ளோ நீக்கிய கோழியையோ மீனையோ லேசாகச் சூடாக்கி வைத்தால் வாசனை எழும். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். விளக்கெண்ணெயும் அவ்வாறே.

அடுத்தது கணக்கு. பூனை தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கவேண்டும். நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்தால் கவலைக்கிடம். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கவேண்டும்; இளஞ்சிவப்பாக, ஈரமாக இருப்பது நல்லது. கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எத்தனை முறை வாந்தி, சிறுநீர் போனதா என்பதை நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். இருமலையும் மூச்சுத் திணறலையும் செல்போனில் படம் பிடித்தால் மிக நல்லது. மருத்துவமனை மேஜைமேல் பூனை பயத்தில் எதையும் காட்டாது.

காத்திருக்கக் கூடாதவை

சில சமயங்களில் விடியும்வரை பொறுக்கவே கூடாது. ஆண் பூனை மணல் தட்டில் மறுபடி மறுபடி உட்கார்ந்து முக்குகிறது, எதுவும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பாதை அடைப்பு. சிறுநீரோடு போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தும். ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளிறியோ நீலமாகவோ மஞ்சளாகவோ மாறுவது, வலிப்பு, பின்னங்கால்கள் திடீரென்று விழுந்துபோவது, நிற்காத வாந்தி, விஷம் தின்றது ஆகியவையும் அவசரங்களே. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சுருண்டால் அது பார்வோ இனத்தைச் சேர்ந்த வைரஸாக இருக்கலாம். மணிக்கணக்கில் நிலைமை மோசமாகும்.

மாடியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் நம்பக் கூடாது. நியூயார்க்கில் இப்படி விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987ல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சுக்குள் காயம் இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவசரம் இல்லாவிட்டாலும் சாப்பிடாமை நீளக்கூடாது. வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். குட்டிக்கு அரை நாளே அதிகம். பட்டினி தொடர்ந்தால், முக்கியமாகக் குண்டுப் பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

கூடையும் துண்டும்

இந்தியாவில் கால்நடை மருத்துவம் மாட்டையும் குதிரையையும் சுற்றியே வளர்ந்தது. மும்பை பரேலில் 1883ல் தொடங்கிய பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை போல எல்லாப் பிராணிகளையும் பார்க்கும் பழைய நிறுவனங்கள் சிலவே. இன்று பெருநகரங்களில் இரவு கிளினிக்குகள் உண்டு. சிறிய ஊர்களில் அரிது. எனவே பூனை நன்றாக இருக்கும்போதே இரவில் திறந்திருக்கும் இடத்தின் போன் எண்ணைச் சுவரில் எழுதிவைப்பது புத்திசாலித்தனம்.

கொண்டுபோகக் காற்று புகும் மூடிய கூடை போதும். அதற்கென்று வாங்கிய பெட்டி இல்லையென்றால் துளை போட்ட அட்டைப்பெட்டி. உள்ளே பூனையின் பழைய விரிப்பு, மேலே மூட ஒரு துண்டு. முரண்டு பிடித்தால் துண்டில் சுற்றித் தூக்கவேண்டும். வலியிலிருக்கும் பூனை எஜமானரையும் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரேபிஸ் பூனையிடமிருந்தும் வரும்.

டாக்டர் வருவதற்குள் நோயைக் குணப்படுத்துவது வீட்டிலிருப்பவரின் வேலையல்ல. பூனையை இன்னும் மோசமாக்காமல், நடந்ததைச் சரியாகச் சொல்லும் நிலையில், அங்கே கொண்டுசேர்ப்பதுதான் வேலை. அந்த இரவில் மருந்து அலமாரியின் கதவைத் திறக்காமலிருந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.