விரை வந்த வழி

விரையில் வலி என்றால் விரையில்தான் நோய் என்று நினைப்பது இயல்பு. குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிடும். கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில். ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் அவை அடிவயிற்றுச் சுவரின் வழியாக இறங்கி விரைப்பைக்கு வருகின்றன. அவற்றோடு வயிற்றின் உள்சவ்வும் ஒரு விரலுறைபோல நீண்டு இறங்கும். அது பிறப்பையொட்டி மூடிக்கொள்ள வேண்டும்; சிலருக்கு மூடுவதில்லை. மூடினாலும் பாதை முழுவதும் அடைபடாது, விந்துக்குழாயும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் போய்வர வேண்டுமே! தொடை இடுக்குக்குச் சற்று மேலே சுமார் 4 செ.மீ. நீளமுள்ள இந்தப் பாதைதான் ஆணுடலின் பலவீனமான இடம். நான்கு ஆண்களில் ஒருவருக்காவது வாழ்நாளில் இங்கே குடலோ கொழுப்போ பிதுங்குகிறது. பிதுங்கியது நரம்பை அழுத்தினால், விரை நலமாக இருந்தாலும் வலி அங்கேதான் தெரியும். நெடுநேரம் நின்றால் கனத்து இழுக்கும், படுத்தால் தணியும்.

பிதுக்கம் விரைப்பைவரை இறங்கிவிட்டால் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். அப்போது நிற்கவைத்து இருமச் சொல்கிற பழைய சோதனைக்கு இன்றும் மதிப்பு உண்டு. இருமும்போது புடைப்பு விரலில் வந்து மோதும். வீக்கத்துக்கு மேலே விரல்களைச் சேர்த்துப் பிடிக்க முடிந்தால் அது பெரும்பாலும் விரைப்பைக்குள்ளேயே உண்டானது. முடியாவிட்டால் மேலிருந்து இறங்கியது. யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் அதிகம் காணப்பட்ட ஓதம், அதாவது விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது, முதல் வகை. டார்ச் அடித்தால் அந்த நீர் சிவந்து ஒளிரும். பச்சிளங்குழந்தையின் குடலிறக்கமும் அப்படி ஒளிரக்கூடும் என்பதால் வெளிச்சத்தை மட்டும் நம்பக்கூடாது.

அப்படியானால் விரைக்கு ஆபத்தே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. குழந்தைகளுக்குச் சிக்கிக்கொண்ட குடல் ரத்தக்குழாய்களை நெரித்து விரையைச் சுருங்கவைக்கலாம். அதனால்தான் அவர்களுக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதில்லை. ஹெர்னியா இருப்பவருக்கு வருகிற எல்லா வலியையும் அதன் தலையில் கட்டுவதும் தவறு. திடீரென்று தாங்க முடியாமல் வலித்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; அதைக் காப்பாற்ற ஆறு மணி நேரம்தான் நல்ல அவகாசம். வலியே இல்லாத கெட்டியான கட்டிக்கு ஸ்கேன் அவசியம்.

தொந்தரவு இல்லாதபோது எதற்கு ஆபரேஷன் என்பது நியாயமான கேள்வி. வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அறுவையின்றிக் காத்திருந்தவர்களில் திடீர் நெருக்கடி ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. ஆகவே காத்திருப்பது அசட்டுத்தனம் அல்ல. ஆனால் தொடர்ந்து கவனித்தபோது அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் பத்தாண்டுகளுக்குள் அறுவைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். என் கணிப்பில், விரைவரை வலி எட்டிய பிறகு காத்திருப்பதில் லாபம் குறைவு. புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் யோசிக்கவே நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பின் விரைப்பை கன்றி வீங்குவது சகஜம். சில நாளில் வடிந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து விரையே கெட்டியாகி வலித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அரிதுதான், என்றாலும் தையல் பிரிக்கிற நாள்வரை அதைத் தள்ளிப்போடாமல் அறுவை செய்தவரிடமே காட்ட வேண்டும்.