தலைப்பாகை கட்டும் வாரம்



நெல்லியடிச் சந்தியில் நின்று 'பட்டமளிப்பு' என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனதில் திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கறுப்பு அங்கியும்தான் வந்து நிற்கும். நமது அரபுக் கல்லூரிகளிலும் பட்டமளிப்பு உண்டு. ஆனால் அது ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. மேடையில் ஸனது வாங்கும் படம் பத்திரிகையில் வரும். அதற்கு முந்திய நாட்கள் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அந்த நாட்களைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழைய முறைப்படி மத்ரஸாக்கள் ஷவ்வாலில் பாடத்தைத் தொடங்கி ஷஃபானில் முடிக்கும். பிறைக் கணக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே வருவதால் விழாவும் நகர்ந்துகொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டில் ஷஃபான் நவம்பரில் விழுந்தது, கொட்டும் மாரியில். 2025இல் பெப்ரவரியில் வந்தது. பந்தல் போடுகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும்! இப்போது சில கல்லூரிகள் வசதி கருதி வேறு மாதத்தில் விழா வைக்கின்றன.

அந்த வாரத்தின் உயிர் கத்முல் புகாரி மஜ்லிஸ். ஸஹீஹுல் புகாரி முழுவதையும் ஓதி முடிக்கும் அமர்வு அது. புஆத் அப்துல் பாகியின் எண்ணிக்கைப்படி அதில் 7563 ஹதீஸ்கள். நிய்யத்தைப் பற்றிய உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் தொடங்கி, மீஸான் தராசில் கனக்கும் திக்ரைப் பற்றிய அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் கிதாபு முடிகிறது. அந்தக் கடைசி ஹதீஸை மட்டும் அன்றைக்கென்று விட்டு வைப்பார்கள். ஒரு மாணவர் வாசிப்பார், உஸ்தாத் செவிமடுப்பார். பின்னர் உஸ்தாத் தமது ஸனதைச் சொல்லத் தொடங்குவார். தாம் யாரிடம் ஓதினார், அவர் யாரிடம் ஓதினார் என்று பெயர் பெயராக ஏறி, ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) வரை சென்று, அங்கிருந்து ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களை அடைவார். அந்தத் தொடரின் கடைசி வளையமாக இருபது வயதைத் தாண்டிய நமது பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ஸனது என்ற காகிதம் இந்தச் சங்கிலிக்குச் சாட்சி, அவ்வளவுதான். துஆ தொடங்கியதும் ஏழெட்டு ஆண்டுகள் ஒரே பாயில் படுத்தவர்கள் தேம்பி அழுவதை அந்த மஜ்லிஸில் பார்க்கலாம்.

மற்ற நாட்கள் விரைவாக ஓடிவிடும். வியாழன் இரவுகளில் மாணவர் மன்றத்தில் பேசிப் பழகியவர்கள் இப்போது ஊரார் முன்னிலையில் தமிழிலும் அரபியிலும் பேசுவார்கள். ஓதிய கிதாபுகளைக் கீழ் வகுப்புத் தம்பிமாருக்குக் கொடுப்பார்கள். ஓரங்களில் எழுதிய குறிப்புகளோடுதான்!

பிறகு தலைப்பாகை. தமிழகத்தில் பழைய ஆலிம்கள் இதைத் 'தஸ்தார் பந்தி' என்பார்கள். உஸ்தாத் தம் கையாலேயே கட்டிவிடுவார். தாய்மார் திரைக்குப் பின்னால் இருப்பதால் பலருக்கு அந்தக் காட்சி கிடைக்காது. ஒலிபெருக்கியில் பெயர் மட்டும் கேட்கும். அந்தப் பெயர் புதிதாக நீண்டிருக்கும். வேலூர் பாகியாத்தில் ஓதியவர் பாகவி. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ. 1931இல் தொடங்கிய மஹரகம கபூரிய்யாவில் ஓதியவர் கபூரி. 1973இல் தொடங்கிய பேருவளை நளீமிய்யாவில் ஓதியவர் நளீமி. வாப்பாவின் பெயர் முன்னால், மத்ரஸாவின் பெயர் பின்னால். இனி அவர் செய்யும் நன்மையும் தவறும் இரண்டு வீட்டாரையும் சேரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பொன்னாடையும் அரசியல் பிரமுகர்களின் நீண்ட உரைகளும் இப்போது விழாக்களில் மிகுந்துவிட்டன. பட்டம் பெறும் பிள்ளைகள் மேடையின் ஓரத்தில் வியர்த்துக்கொண்டிருக்க, வந்தவர் தம் சாதனைகளை அடுக்குகிறார். ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சோறு உண்பதில் எனக்கு ஆட்சேபமில்லை, அது நமது அழகான வழக்கம். அந்த உரைகளைத்தான் குறைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்த வாரத்தில் ஒரு வலியும் உண்டு. வடக்கில் பிறந்த பிள்ளைகள் தெற்கே போய் ஓதினார்கள். ஓதி முடித்துச் சொந்த ஊர்ப் பள்ளியில் முதல் ஜும்ஆ ஓதுவதே அந்தக் குடும்பங்களின் கனவு. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு இரண்டு மணி நேர அவகாசமே கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் தலைப்பாகை கட்டிய யாழ்ப்பாணப் பிள்ளைக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, ஸஃப்பில் நிற்க ஆளில்லை. புத்தளத்து ஓலைக் குடிசைகளுக்குத்தான் ஸனதோடு போக வேண்டியிருந்தது. 2009க்குப் பின் மீளக் குடியேறியவர்களும் முன்பிருந்த தொகையில் ஒரு பகுதியினரே.

பிள்ளையை ஓதவிட்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம். அரச பாடசாலையில் மௌலவி ஆசிரியராக விரும்பும் பிள்ளை, பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல்-ஆலிம் பரீட்சையையும் எண்ணத்தில் வைத்திருக்க வேண்டும். நியமனமோ நினைத்த நேரத்தில் வருவதில்லை. விண்ணப்பம் கோரும் வரை ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவரை இமாமத் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கும். ஆகவே கடைசி வருடத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். விழாவுக்குப் போகும்போது, முடிந்தால், மேடை நிகழ்ச்சிக்கு முந்திய நாளே போய்ச் சேருங்கள். கத்முல் புகாரி மஜ்லிஸுக்கு அழைப்பிதழ் கேட்க மாட்டார்கள்.