மன்னார் காற்றாலைகள்: அனுமதி தருவது யார்?

மன்னார் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். அடுத்து வந்த 250 மெகாவாட் அதானி திட்டம் உயர் நீதிமன்ற வழக்குகளில் சிக்கியது. அரசு மின்விலையை மீளப் பேச முனைந்ததும், 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். ஜனாதிபதி ஒரு மாதம் பணிகளை நிறுத்திவைத்தார்; செப்டெம்பரில் மீண்டும் தொடங்கப் பணித்தார். இதில் சட்டம் என்ன சொல்கிறது?

காற்று அரசுக்கே

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைச் சட்டப்படி, காற்றையும் வெயிலையும் மின்னாக்கும் உரிமை அரசுடையது. முதலீட்டாளருக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே கிடைக்கும். காணி, சுற்றாடல், மின்கொள்வனவு மூன்றும் ஒழுங்கான பிறகே 20 ஆண்டு அனுமதிப்பத்திரம்.

காணியும் கரையும்

அரச காணி என்றால் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குத்தகை. தனியார் காணியை அரசு சுவீகரிக்க 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டம். விண்ணப்பம் பிரதேச செயலகத்தைத் தொட்டாலும் கடைசிக் கையொப்பம் கொழும்பில்தான். அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வராது என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தீவின் எதிர்க்கரையில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம்; மத்திய ஆசிய வழியில் வரும் வலசைப் பறவைகளின் தங்குமிடம். ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்தின் சொல்லுக்கும் இங்கே எடை உண்டு.

மக்களின் முறை

இத்தனை அலுவலகங்களுக்கு நடுவே ஊரவருக்குச் சட்டம் திறந்துவைத்த முக்கியக் கதவு: 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டம். திட்டத்துக்கு முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால், அறிவித்தல் வந்து 30 வேலைநாள்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடிந்தால் அறிக்கையைப் பார்வையிடலாம், அவ்வளவே.

ஆகவே திட்டம் எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதை முதல் நாளே கேளுங்கள். கோபுரத்துக்குப் போடும் பாதை எந்த வாய்க்காலை மறிக்கும், மாரி வெள்ளம் எந்த வளவில் தேங்கும், எந்தக் கரைவலைப் பாடு பறிபோகும் என்று இடம் குறித்து எழுதிக் கொடுங்கள். போராட்டத்துக்கு நீதிமன்றத்தில் வலுச் சேர்ப்பது அந்தக் கடிதம்தான்.